மலைக்குள் நிற்பவள்

குழந்தையைத் துடைத்து எடுத்துவந்த நர்ஸ், "பொண்ணு" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள். கையை நீட்டி முதலில் வாங்கியது சம்பந்தியம்மாள். வாய் நிறையச் சிரிப்போடு குனிந்து பார்த்தவளுக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

"இதென்ன, சோப்பு நுரையா? சரியாத் துடைக்கலையா?"

கறுகறுவென்று ஈரமாகப் படிந்திருந்த முடிக்கு நடுவில், நெற்றிக்கு நேர் மேலே, விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கற்றை. அதன் அடியில் தோலும் கொஞ்சம் வெளுத்திருந்தது. சம்பந்தியம்மாள் துண்டின் நுனியால் மெதுவாகத் தேய்த்தாள். பிறகு கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். குழந்தை வீலென்று அழுததே தவிர வெள்ளை போகவில்லை.

கட்டிலுக்கு மறுபக்கம் நின்றிருந்த பார்லரம்மாவின் கை தானாகத் தன் முன்நெற்றிக்குப் போயிற்று. பிள்ளை பெற்றுக் களைத்துக் கிடந்தவள் அவளுடைய ஒரே மகள்.

பார்லரம்மா என்றால் தெரு முழுக்கத் தெரியும். மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கினாற்போல ஒரு கடை. மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி, தலையலச ஒரு தொட்டி. முப்பது வருஷமாக ஊர்ப் பெண்களின் தலையெல்லாம் அவள் கையில்தான். யாருக்கு எங்கே நரை, யாருக்கு எங்கே சொட்டை, யார் கல்யாணத்துக்கு முந்தின நாள் எதை மறைத்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. வாயைத் திறக்க மாட்டாள். அதனால்தான் கடையில் கூட்டம். அவள் தலையைப் பற்றித்தான் யாருக்கும் எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முதலில் தன் முன்நெற்றிக்கு டை பூசிக்கொள்வாள். அடுத்து மகளை உட்காரவைத்து அவளுக்கும் பூசுவாள். மகளுக்கு அது மூன்று வயதில் ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பிறகும், அம்மா வீட்டுக்கு வருகிற சாக்கில் அது நின்றபாடில்லை.

"அம்மா, இனிமே என்னத்த மறைக்கறது? சொல்லிடு" என்றாள் மகள், கண்ணை மூடியபடியே.

பார்லரம்மா சொன்னாள். சம்பந்தியம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"நோயா?"

"நோயில்லீங்க. எனக்கு இருக்கு, எங்கம்மாவுக்கு இருந்துச்சு, அவங்கம்மாவுக்கும் இருந்துச்சு. யாரும் அதனால ஒரு நாள் படுத்ததில்ல."

"நோயில்லேன்னா ஏன் மறைச்சீங்க? நாலு வருஷமா உங்க பொண்ணு எங்க வீட்ல இருக்கா, எங்கிட்டகூடச் சொல்லத் தோணலியே?"

பார்லரம்மா மகளின் போர்வையை இழுத்துவிட்டாள். அவளிடம் இருந்த பதிலைப் பிள்ளை பெற்ற இடத்தில் வைத்துச் சொல்ல முடியாது.

அந்தப் பதில் அவளுடைய அம்மா சொன்னது. டை கிடைக்காத காலத்தில் விளக்குக் கரியைக் குழைத்து மகளின் நெற்றிமுடியில் பூசிக்கொண்டே அம்மா சொல்வாள்: "உங்க பாட்டிக்குப் பாட்டி ஒருத்தி இருந்தா. பால்குடி மறக்காத ஆம்பளப் புள்ளைய யாரோ ஒருத்தர் கையில தூக்கிக் குடுத்துட்டு, பொண்ண மட்டும் கூட்டிக்கிட்டு இந்த ஊருக்கு வந்தா. அந்தப் பாவம்தான் அவ நெத்தியில வெளுத்துச்சு. ரெண்டு காலையும் சேத்து வாங்கிச்சு. சாகற வரைக்கும் உக்காந்த இடத்துலயே உக்காந்திருந்தா. நமக்கு எதுக்கு அந்தப் பேச்சு, தலைய ஆட்டாத."

நடக்க முடியாதவள் உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை என்று தலைவாரிப் பின்னிவிடுகிற வேலையை எடுத்துக்கொண்டாளாம். அவளிடமிருந்து அவள் மகள் கற்றாள், அவளிடமிருந்து அடுத்தவள். இப்படித்தான் சீப்பும் வெள்ளைக்கோடும் சேர்ந்தே பார்லரம்மாவிடம் வந்து சேர்ந்தன. சீப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். கோட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் வீட்டில் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது, சம்பந்தியம்மாளின் வற்புறுத்தலில் தோல் டாக்டரம்மாவிடம் போனார்கள். டாக்டரம்மா சின்னவள், மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். குழந்தையின் நெற்றியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பார்லரம்மாவின் முடியை வேரில் விலக்கிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"பயப்பட ஒண்ணுமே இல்ல. பொறக்கும்போதே அந்த எடத்துல நிறம் இருக்காது, அவ்ளோதான். அம்மாகிட்டருந்தோ அப்பாகிட்டருந்தோ நேரா வரும். நடுவுல ஒரு தலைமுறைய விட்டுட்டுத் தாண்டி வராது." கொஞ்சம் யோசித்தாள். "இது ரொம்ப அபூர்வம்மா. இத்தனை வருஷத்துல நான் இன்னும் ஒரே ஒருத்தர்கிட்டதான் பாத்திருக்கேன். துறைமுகத்துல கிரேன் ஓட்டறவரு. கை எரிச்சல்னு வந்தாரு. நெத்தியில அச்சு அசலா இதே கோடு. அவரு மறைக்கவே இல்ல, தலைய நல்லா மேல தூக்கி வாரியிருந்தாரு. அவர்கிட்ட கேட்டுட்டு, சரின்னா உங்க நம்பரைக் குடுக்கட்டுமா?"

"எதுக்குங்க?" என்றாள் பார்லரம்மா.

"ஒரே மரமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்கு ஆசையா இல்லியா?"

ஆசையா பயமா என்று பார்லரம்மாவுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தூக்கிக் கொடுக்கப்பட்ட அந்தப் பிள்ளையின் வம்சம் எங்கேயோ இருக்கும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. சாபக் கதையில் அந்தப் பிள்ளைக்கு அதற்குமேல் இடமே இல்லை. "குடுங்க" என்று மகள்தான் சொன்னாள்.

இரண்டு நாளில் போன் வந்தது. கனமான குரல். "டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க எந்த ஊரு, என்னன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க குடும்பத்துல மலைக்குள்ள போனவங்கன்னு யாரையாச்சும் சொல்லுவாங்களா?"

"இல்லீங்கண்ணே" என்றாள் பார்லரம்மா. "புள்ளையக் குடுத்தவன்னுதான் சொல்லுவாங்க."

"நேர்ல வரேம்மா" என்றது அந்தக் குரல்.

அவர் வந்த நாளில் கடையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தலை அலசிக்கொண்டிருந்தது. வாசலில் நிழல் விழுந்ததும், பார்லரம்மா திரும்பாமலே வழக்கப்படி, "ஆம்பளைங்களுக்கு இல்லீங்க" என்றாள். சொல்லிவிட்டுத்தான் கண்ணாடியில் பார்த்தாள். ஆறடிக்குக் குறையாத ஆள், வெயிலில் காய்ந்த முகம், பின்னால் கைப்பையோடு அவர் மனைவி. மேலே தூக்கி வாரிய தலையின் நடுவில், நெற்றியில் தொடங்கி உச்சிக்குப் போகிற வெள்ளைக்கோடு. மூன்று கண்ணாடியிலும் அந்தக் கோடு தெரிந்தது. கையிலிருந்த ஷவர் குழாய் நழுவி, கல்யாணப் பெண்ணின் கழுத்தெல்லாம் தண்ணீர்.

கல்யாணப் பெண்ணை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினாள். மகளும் வந்து சேர்ந்தாள். டீ வந்தது, யாரும் குடிக்கவில்லை. கிரேன்காரர் குழந்தையின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் பத்து யானை எடையை அலுங்காமல் இறக்கிவைக்கிறவர், குழந்தையைத் தூக்கச் சொன்னபோது, "வேணாம், எனக்குப் பயமா இருக்கு" என்றுவிட்டார்.

அவர் சொன்ன கதை இது.

நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால், மலைக்கு அந்தப் பக்கத்து ஆற்றைத் தாகத்தில் கிடந்த நகரத்துக்குத் திருப்ப மலையைக் குடைந்தார்கள். ஆண்கள் உள்ளே உளியும் சுத்தியலுமாகப் பாறையை உடைப்பார்கள், பெண்கள் உடைத்த கல்லைக் கூடையில் வெளியே சுமப்பார்கள். அப்படிச் சுமந்தவர்களில் ஒருத்திக்குப் பிறவியிலேயே நெற்றியில் வெள்ளைக்கோடு. அவள் புருஷன் உள்ளே வேலை. ஐந்து வயதில் ஒரு பெண், கையில் பால்குடிக்கும் ஆண் குழந்தை. ஒரு நாள் காலையில் சுரங்கத்தின் கூரை விழுந்தது. அவள் புருஷன் அதிலேயே போய்விட்டான். விழுந்த கல்லுக்கு அந்தப்புறம் ஒன்பது பேர் உயிரோடு மாட்டிக்கொண்டார்கள். தட்டுகிற சத்தம் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது.

"கல்லுக்கு நடுவுல ஒரு சந்து மட்டும் இருந்துச்சாம். ஆம்பள ஒருத்தனுக்கும் தோள் நுழையல. பெரிய கல்ல நகத்தினா மறுபடியும் விழும். எல்லாரும் கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறாங்க. இந்தம்மா புருஷனோட பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவ எந்திரிச்சு வந்தாளாம். புள்ளைய இன்னொருத்தி கையில குடுத்தா. 'இடுப்புல கயித்தக் கட்டுங்க'ன்னு மட்டும்தான் சொன்னாளாம். ஒரு விளக்கு, ஒரு சின்னக் கடப்பாரை. நுழைஞ்சிட்டா."

மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"உள்ள போயி, படுத்த வாக்குல, சின்னச் சின்னக் கல்லா எடுத்துப் பின்னாடி தள்ளித் தள்ளி வழிய அகலமாக்கியிருக்கா. அப்புறம் ஒவ்வொருத்தனா அனுப்பியிருக்கா. கடைசி ஆளு ஒரு கல்தச்சரு. அவருக்குக் கை ஒடஞ்சிருந்துச்சு, தானா ஊர்ந்து வர முடியல. அவருக்குப் பின்னாடி இருந்து இவதான் தள்ளிக்கிட்டே வந்திருக்கா. அவரு வெளிய வந்தாரு. அந்தத் தச்சருக்கும் அவரு சம்சாரத்துக்கும் கொழந்த பொறந்து எறந்து கொஞ்ச நாள்தான் ஆயிருந்துச்சு. அவங்ககிட்டதான் அந்தம்மா தன் மகனக் குடுத்தது. அந்த மகன்தான் எங்க தாத்தாவோட அப்பா."

"அவ வெளிய வந்தாளா?" என்று கேட்டாள் பார்லரம்மா.

"வந்தா. வந்தான்னுதான் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் பொண்ண மட்டும் கூட்டிக்கிட்டு எங்கியோ போயிட்டான்னு கதை முடிஞ்சிரும்." கிரேன்காரர் ஆறிப்போன டீயைக் கையில் எடுத்து மறுபடி வைத்தார். "எங்க வீட்டுல அந்தம்மா மேல பெருமையும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. தச்சரு சீக்கிரம் செத்துட்டாரு. வளத்த அம்மாவுக்கு, மகன் பெத்தவளத் தேடிப் போயிருவானோன்னு பயம். 'ஒன்னை வேணாம்னு குடுத்துட்டா'ன்னு சொல்லிச் சொல்லியே வளத்தாங்க. எங்க கொள்ளுத்தாத்தா கல்யாணத்தப்ப ஒரு குதிரவண்டி வந்து தெருமுனையில நின்னுச்சாம். உள்ள ஒரு பொம்பள, நெத்தியில வெள்ளக்கோடு. ரொம்ப நேரம் மண்டபத்தையே பாத்துக்கிட்டிருந்தாளாம். இறங்கவே இல்ல. மாப்பிள்ள வாசல் வரைக்கும் வந்து நின்னு பாத்திருக்காரு. அப்பவும் இறங்கல. வண்டி திரும்பிப் போயிருச்சு. 'பெத்த மகன் கல்யாணத்துக்கு வந்து, தரையில காலு வைக்கக்கூட மனசு வரல பாரு'ன்னு சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு எங்க கொள்ளுத்தாத்தா."

பார்லரம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"அண்ணே," என்றாள். "அவளால இறங்க முடியாதுண்ணே."

கிரேன்காரர் நிமிர்ந்தார்.

"அவளுக்குக் காலு கிடையாது. இருந்துச்சு, வேலைக்கு ஆகாது. ரெண்டும் நசுங்கினது. முட்டிக்குக் கீழ தொட்டாக்கூடத் தெரியாதாம். உக்காந்தே இருந்தவ. ஒரு எடத்துக்குப் போகணும்னா மகதான் முதுகுல தூக்கிக்கிட்டுப் போவாளாம். எப்படிப் போச்சுன்னு எங்களுக்குத் தெரியாது. பாவம் பண்ணினதால போச்சுன்னு…"

கிரேன்காரரின் மனைவிதான் முதலில் புரிந்துகொண்டு மெல்லச் சொன்னாள்: "தச்சர வெளிய தள்ளிவிட்டா. இவ பின்னாடிதான இருந்தா. அதுக்குள்ள மறுபடியும் விழுந்திருக்கும்."

இடுப்பில் கட்டிய கயிறு எதற்கு உதவியிருக்கும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. இழுத்து எடுத்திருக்கிறார்கள். புருஷன் இல்லை, கால் இல்லை, உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் போன பின் பாலும் வற்றியிருக்கும். ஐந்து வயதுப் பெண்ணுக்கு நடக்கத் தெரியும். பால் குடிக்கும் பிள்ளைக்குப் பால் வேண்டும். பால் கட்டிக்கொண்டு பிள்ளையில்லாமல் ஒருத்தி பக்கத்திலேயே இருந்தாள். இவ்வளவுதான் நடந்தது. இந்தக் குடும்பம் பாதியையும் அந்தக் குடும்பம் பாதியையும் வைத்துக்கொண்டு, ஒருவர் சாபம் என்றும் ஒருவர் திமிர் என்றும் நாலு தலைமுறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கிரேன்காரர் எழுந்து போய்த் தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டார். துடைத்துக்கொள்ள அவர் எடுத்தது டைக்கறை படிந்த துண்டு. கன்னமெல்லாம் கறுப்பாக வந்து நின்றவரைப் பார்த்து மகள் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டிருந்த எல்லோருக்கும் அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

பேச்சு உறவுமுறைப் பக்கம் திரும்பியது. கிரேன்காரரின் மனைவி விரல்விட்டு எண்ணினாள். "உங்க பாட்டியோட அம்மாவும் இவரு தாத்தாவோட அப்பாவும் அக்கா தம்பி. அப்போ உங்க பாட்டியும் இவரு தாத்தாவும் அத்த மக, மாமன் மகன். உங்கம்மாவும் எங்க மாமனாரும் தங்கச்சி அண்ணன் முறை. அப்போ இவரு உங்களுக்கு மாமன் மகன்." நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "முறைப்படி அத்தான்!"

"இந்த வயசுல எனக்கு அத்தானா!" என்று பார்லரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "போன்லயே அண்ணேன்னு சொல்லிட்டேன். அது அப்படியே இருக்கட்டும்."

"இருக்கட்டும் இருக்கட்டும், அதான் எனக்கும் நிம்மதி" என்றாள் அவர் மனைவி.

கிளம்பும்போது வாசலில் நின்று கிரேன்காரர் ஒன்று சொன்னார். அந்தச் சுரங்கத்துக்குள் அந்தத் தச்சர் எதையோ செதுக்கி வைத்திருப்பதாக அவருடைய அப்பா சொல்வாராம். அப்பாவும் பார்த்ததில்லை, குடும்பத்தில் யாருமே பார்த்ததில்லை. சுரங்கம் முழுக்கத் தண்ணீர் ஓடும்போது எப்படிப் பார்ப்பது?

மலையடிவாரத்தில் இருந்த குடிநீர் நிலையத்துக்கு இருவரும் சேர்ந்தே போய்க் கேட்டார்கள். முதல் வரியைச் சொல்வதற்குள்ளேயே, சுரங்கப் பராமரிப்பு மேஸ்திரி அவர்கள் இருவர் நெற்றியையும் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். பார்லரம்மா அதற்குள் டை பூசுவதை விட்டிருந்தாள். வேரிலிருந்து வெள்ளை நன்றாக இறங்கியிருந்தது.

"உள்ளேக்காரி!" என்றார் மேஸ்திரி.

"யாரு?"

"நாங்க அப்படித்தாங்க சொல்லுவோம். வண்டல் எடுக்கத் தண்ணிய நிறுத்தும்போது உள்ள போவோம்ல, அப்ப பாப்போம். அவ மேல கைய வச்சிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்போம். எனக்கு வேல சொல்லிக் குடுத்தவரும் அப்படித்தான் செஞ்சாரு. யாருன்னு யாருக்கும் தெரியாது. கூரையத் தாங்கிக்கிட்டு நிக்கறான்னு சொல்லிக்குவோம்." அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவளுக்கு ஆளுங்க இருப்பீங்கன்னு நாங்க நெனச்சதே இல்லீங்க."

கோடையில் தண்ணீர் நிறுத்தும்போது கூப்பிடுவதாகச் சொன்னார். நிலையத்து அதிகாரியும், கூட நாலு பேருக்கு மேல் வேண்டாம் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

இதற்கிடையில் சம்பந்தியம்மாளுக்கு விஷயம் போயிருந்தது. முழுக் கதையையும் மருமகளை உட்காரவைத்து மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாளாம். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியவள், யார் எதிர்ப்பட்டாலும் குழந்தையின் தொப்பியைக் கழற்றிக் காட்ட ஆரம்பித்தாள். "எங்க பேத்தி நெத்தி என்ன சாதாரண நெத்தியா? மலைக்குள்ள போயி ஒம்பது பேரக் கொண்டுவந்த நெத்தி!" என்றாள். கேட்டவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் தலையாட்டினார்கள். தண்ணீர் நிறுத்துகிற நாளன்று எல்லோருக்கும் முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்ததும் அவள்தான்.

உள்ளே போனது பார்லரம்மா, மகள், கிரேன்காரர், முன்னால் மேஸ்திரி. சம்பந்தியம்மாளும் குழந்தையும் கிரேன்காரரின் மனைவியும் வெளியே மதகடி மேடையில் இருந்தார்கள். முழங்கால் வரை கம்பூட்ஸ், தலையில் விளக்கு வைத்த ஹெல்மெட். சுரங்கத்தின் வாய் பெரிதாகத்தான் இருந்தது; போகப்போகக் கூரை தாழ்ந்து தலையைத் தட்டியது. காலடியில் வண்டல் சதக் சதக்கென்று இழுத்தது. குளிர். வெளியே கொளுத்துகிற வெயில் என்பதை உடம்பு மறந்துவிட்டது. விளக்கு வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் சுவரில் உளி பட்ட தழும்புகள். ஒவ்வொரு தழும்பும் ஒரு மனிதன் ஒரு முறை ஓங்கி அடித்தது என்று நினைத்ததும், பார்லரம்மாவுக்கு எண்ணிக்கை பிடிபடாமல் தலை சுற்றியது. இத்தனையையும் கையாலேயே.

"கிட்ட வந்துட்டோம்" என்றார் மேஸ்திரி. அவர் குரல் தாழ்ந்திருந்தது.

அந்த இடத்தில் சுவர் திடீரென்று மாறியது. குடைந்த பாறை நின்று, பொருத்திக் கட்டிய கல் வரிசை தொடங்கியது. விழுந்த இடத்தைப் பிறகு கட்டி எழுப்பியிருக்கிறார்கள். மேஸ்திரி தன் விளக்கை இடதுபக்கம் திருப்பினார்.

ஆளுயரக் கல்லில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் தெரிந்தது நெற்றிதான். கறுத்த கல்லில் குழி எடுத்து, பால்போல வெளுத்த வெங்கச்சங்கல் ஒன்றை நீளவாக்கில் பதித்திருந்தார் அந்தத் தச்சர். நூற்று நாற்பது வருஷத் தண்ணீர் தேய்த்துத் தேய்த்து அது கண்ணாடிபோல் ஆகியிருந்தது. விளக்கு பட்டதும் பளிச்சென்று திருப்பி அடித்தது. ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் சின்னக் கடப்பாரை. இடுப்பில் சுற்றிய கயிறு, முறுக்கு முறுக்காக. அவளைச் சுற்றிக் கல்லில் ஒன்பது உள்ளங்கைகள் வெட்டப்பட்டிருந்தன. எழுதத் தெரியாதவர்கள் தங்கள் கையையே வைத்து வரைந்து, அவரவரே வெட்டியிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஒன்றில் சுண்டுவிரல் இல்லை. ஒன்று கோணல்மாணலாக, மற்றக் கையால் வெட்டினதுபோல இருந்தது.

"கை ஒடஞ்சவரு, கை கூடறதுக்கு முன்னாடியே வெட்டியிருக்காரு" என்றார் கிரேன்காரர். சொன்ன குரல் சுரங்கத்துக்குள் எங்கேயோ போய்த் திரும்பி வந்தது.

அந்தக் கோணல் கைக்குள் அவர் தன் கையை வைத்தார். அவர் கை பெரியது. விரல்கள் கோட்டைத் தாண்டிக்கொண்டு நின்றன.

பார்லரம்மா முகத்தைப் பார்த்தாள். முகம் சரியாக அமையவில்லை. கண் ஒன்று சற்று மேலே ஏறியிருந்தது. வாய் வெறும் கோடு. சிற்பியில்லை அவர், கட்டடக் கல் தச்சர். முகம் செதுக்கிப் பழக்கம் இருந்திருக்காது. அவளுடைய அம்மாவின் சாயல் இருக்கிறதா என்று தேடினாள், சொல்ல முடியவில்லை. பார்வை கீழே இறங்கிற்று. கால்களை வண்டல் மூடியிருந்தது. அவள் மண்டியிட்டுக் கையாலேயே வண்டலை வழித்தாள். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து வழித்தாள். மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்.

கால்கள்.

முழங்காலின் வளைவும், கெண்டைக்காலின் சதையும், கணுக்காலின் எலும்பும், பின்னால் குதிகாலுக்கு மேலே இழுத்துக் கட்டினாற்போல் இருக்கும் நரம்பும், பத்து விரலும், ஒவ்வொரு விரலிலும் நகமும். நடந்து நடந்து உறுதியான ஒரு பெண்ணின் கால்கள். முகத்தில் தடுமாறிய அந்த உளி, இங்கே ஓரிடத்திலும் தடுமாறவில்லை. எத்தனை நாள் இந்தக் கால்களோடு மட்டும் உட்கார்ந்திருந்தாரோ! தன்னைத் தள்ளிவிட்டுவிட்டு அவள் எதை உள்ளே விட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அதைத்தான் கல்லில் எடுத்து அவளுக்குத் திருப்பிக் கொடுக்கப் பார்த்திருக்கிறார். இரண்டு பாதமும் தரையில் பதிய, அசையாமல், அவள் நின்றாள்.

பார்லரம்மா அந்தப் பாதங்களின் மேல் கையை வைத்தாள். கல் சில்லென்று இருந்தது. அழுகை வரவில்லை. அம்மா கரியைக் குழைத்துப் பூசிய ஒவ்வொரு முறையும் இவள் இங்கே இந்த இருட்டில் இதே நெற்றியோடு நின்றுகொண்டிருந்திருக்கிறாள். தலைக்குமேல் தண்ணீர் ஓட, அந்தத் தண்ணீரைக் குடித்து ஒரு நகரமே வளர்ந்திருக்கிறது.

"எவ்ளோ சின்ன உருவம்மா" என்று மகள் கிசுகிசுத்தாள். உண்மைதான். எழுந்து நின்றபோது அவள் பார்லரம்மாவின் தோளுக்குத்தான் இருந்தாள்.

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. மேடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். மகள்தான் சொல்லத் தொடங்கினாள். கால்களைப் பற்றிச் சொல்லும்போது சம்பந்தியம்மாள் குழந்தையின் பாதத்தை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

வண்டல் எடுத்து முடிய நாலு நாள் ஆகும் என்றார் மேஸ்திரி. ஐந்தாம் நாள் தண்ணீர் திறக்கும்போது எல்லோரும் மறுபடி வந்தார்கள். கிரேன்காரர் தன் இரண்டு மகன்களையும் கூட்டி வந்திருந்தார். சின்னவனுக்கு நெற்றியில் கோடு இருந்தது. பார்லரம்மா அவனைக் கண்டதும் பக்கத்தில் இழுத்து, பழக்கதோஷத்தில் அவன் முடியை விரலால் கோதிச் சரிசெய்தாள்.

மதகின் ஷட்டர் கிறீச்சிட்டு மேலே ஏறியது. தண்ணீர் பாய்ந்து வரும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி வரவில்லை. ஒரு பாய் விரிகிறாற்போல மெல்லத் தரையோடு தரையாகப் பரவி, சுரங்கத்தின் வாய்க்குள் சத்தமில்லாமல் நுழைந்தது.

"மெதுவாத்தாங்க விடுவோம்" என்றார் மேஸ்திரி. "அவகிட்டப் போக இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். போனதும் முதல்ல பாதம் நனையும்."

எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே வெகுதூரத்தில் தண்ணீர் போகிற ஓசை, யாரோ மெல்லப் பேசிக்கொண்டு நடப்பதுபோலக் கேட்டது. குழந்தை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. கிரேன்காரர் நிலையத்தில் கொடுத்திருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்நேரம் நனைஞ்சிருக்கும்ணே" என்றாள் பார்லரம்மா.

"ம்" என்றார் அவர்.